நாற்காலிக்குப் பூட்டுப் போட்டவர்

கட்டில் தானாக எழுந்து உட்கார வேண்டும், சோபா கால் நீட்ட வேண்டும், டிவி அலமாரிக்குள்ளிருந்து மேலே வர வேண்டும், அத்தனையும் போனைத் தொட்டால் நடக்க வேண்டும் என்று ஆசைப்படுகிறவர்கள் கோயமுத்தூரில் இவ்வளவு பேர் இருப்பார்கள் என்று நான் நினைத்ததே இல்லை. கணபதியில் என் மோட்டார் ரீவைண்டிங் கடைக்கு அடுத்த ஷட்டர் ஷேக் பரீதுடையது. அவரைத் தேடி வருகிறவர்களைப் பார்த்துத்தான் எனக்கு இது தெரிந்தது. நல்ல கையும் காலும் உள்ள ஆள் காரிலிருந்து இறங்கி வந்து, சோபாவில் சாய வேண்டுமானால் பக்கவாட்டில் கையை விட்டு பட்டனைத் தேட வேண்டியிருக்கிறது, பெரிய கஷ்டம் என்பார். எனக்குச் சுருக்கென்று கோபம் வரும். பரீதுக்கு வராது. "பண்ணிப்போடலாமுங்க" என்பார். பதினேழு வருடப் பழக்கத்தில் அவர் வாயிலிருந்து நான் அதிகம் கேட்டது அந்த ஒரு சொல்தான்.

வேலை ஒன்றும் மந்திரமில்லை. இந்த மாதிரி நாற்காலிகளுக்கு அடியில் ஒரு நீளமான மோட்டார் இருக்கும். கரண்டை ஒரு பக்கமாகக் கொடுத்தால் அதன் தண்டு வெளியே நீளும், திருப்பிக் கொடுத்தால் உள்ளே போகும். விற்கிறவன் ஒயரோடு ஒரு கைப்பட்டன் கொடுத்திருப்பான்; மேலே போக ஒன்று, கீழே வர ஒன்று. பரீத் அந்தக் கைப்பட்டனைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் தீப்பெட்டி அளவில் இரண்டு ரிலே வைப்பார். ரிலே என்றால் ஆள் தொடாமலேயே விழுகிற சுவிட்ச், அவ்வளவுதான். வீட்டு வைஃபையோடு அதைச் சேர்த்துவிட்டால் போன் சொல்வதைக் கேட்கும். மேலே போகச் சொல்கிற ரிலேயும் கீழே வரச் சொல்கிற ரிலேயும் ஒரே நேரத்தில் விழுந்தால் புகைதான். அதனால் ஒன்று விழுந்திருக்கும்போது மற்றது விழாதபடி குறுக்கே ஒரு ஒயரிங் போட வேண்டும். பரீத் போட்ட ஒயரிங்கைத் திறந்து பார்த்தால் கலைக்க மனசு வராது. வேலை முடிந்ததும் தரையில் கன்னத்தை வைத்துப் படுத்து, எங்காவது ஒயர் கண்ணுக்குத் தெரிகிறதா என்று பார்ப்பார். தெரிந்தால் மறுபடியும் பிரிப்பார். வீட்டுக்காரர்கள் போதும் போதும் என்றாலும் விடமாட்டார்.

அவருடைய வாப்பா கோட்டைமேட்டில் சோபாவுக்கு குஷன் தைத்துக் கொடுத்தவர். பரீத் ஐடிஐ முடித்து ஒரு பம்ப்செட் கம்பெனியில் ஒன்பது வருடம் பேனல் போர்டு ஒயரிங் செய்தார். பிறகு சொந்தமாக, தோட்டத்து மோட்டார்களுக்கு மொபைல் ஸ்டார்ட்டர் மாட்டிக் கொடுக்கிற வேலைக்கு இறங்கினார். கிணத்துக்கடவுப் பக்கம் தென்னந்தோப்புகளில் அவர் மாட்டாத கிணறு குறைவு. தோப்பு ஒரு பக்கம், வீடு ஒரு பக்கம் இருக்கும். விவசாயி வீட்டில் படுத்துக்கொண்டு போனில் ஒரு நம்பரை அழுத்தினால் கிணற்றில் மோட்டார் ஓடும். அந்தக் காலத்தில் என் கடைக்கு வருகிற கருகின மோட்டார்களில் பாதிக்கு ஒரே காரணம்தான்: முதலாளி போனில் போட்டிருப்பார், தோட்டத்தில் யாராவது ஸ்டார்ட்டரைத் திறந்து இன்னொரு தடவை நோண்டியிருப்பார்கள். இதைப் பார்த்துப் பார்த்துப் பரீத் ஒரு சட்டம் வைத்துக்கொண்டார். ஒரு மோட்டாருக்கு ஒரு முதலாளி. ஸ்டார்ட்டரை இரும்புப் பெட்டிக்குள் வைத்து, பக்கத்தில் நிற்கிறவன் தொட முடியாதபடி பூட்டுப் போட்டு, ஒரு சாவியை முதலாளியிடம் கொடுத்து, ஒன்றைத் தன் கடையில் மாட்டிவைப்பார். நானும் அதை மெச்சியவன்தான். என் வியாபாரம் குறைந்தது, இருந்தாலும் மெச்சினேன்.

ஆறுச்சாமி என்ற தோப்புக்காரர்தான் முதலில் கேட்டார், கிணத்து மோட்டாரை ஓட்டுகிற இந்தச் சமாச்சாரம் மகள் கல்யாணத்துக்கு வாங்கின கட்டிலை ஓட்டுமா என்று. ஓட்டியது. அப்புறம் அவர் சம்பந்தி வீடு, சம்பந்தியின் டாக்டர் வீடு என்று பரவி, மூன்றே வருடத்தில் பரீத் கிணற்றடியிலிருந்து படுக்கையறைக்கு வந்துவிட்டார். வந்தவர் அந்தச் சட்டத்தையும் கூடவே கொண்டுவந்துவிட்டார். அதை நாங்கள் இருவரும் கவனிக்கவில்லை. மோட்டார் என்றால் மோட்டார்தானே என்று இருந்துவிட்டோம்.

கண்ணையா என்பவர் வீட்டு வேலை வந்தது மூன்று வருடம் முந்தி, ஆடி மாதத்தில். பெரியநாயக்கன்பாளையத்தில் சின்னதாக ஒரு ஃபவுண்டரி நடத்தியவர். அவருடைய அப்பா காலத்தில் விவசாயம், இவர் காலத்தில் பம்ப் உதிரிபாகம் வார்ப்பது. வீட்டுக்குள் தெலுங்கு பேசுவார்கள், வாசலைத் தாண்டினால் நம்மைவிட நன்றாகக் கொங்குத் தமிழ் பேசுவார்கள். நாற்பது பேருக்கு வேலை கொடுத்த மனிதர், ஒரு குரல் உயர்த்திப் பேசினதில்லை என்று அந்த ரோட்டில் எல்லோரும் சொல்வார்கள். எழுபத்திரண்டு வயதில் பக்கவாதம் வந்து இடது பக்கம் விழுந்துவிட்டது. வலது கை நன்றாக இருந்தது. டல்லாஸில் இருக்கும் மகன் சசிதர், ஆளை அப்படியே தூக்கி நிற்க வைக்கிற நாற்காலி ஒன்றை வாங்கி அனுப்பியிருந்தார். கைப்பட்டனை அழுத்தினால் சாயும், கால் நீட்டும், இன்னும் அழுத்தினால் உட்கார்ந்திருப்பவரை முன்னால் தள்ளி நிறுத்திவிடும்.

அதில்தான் வினை வந்தது. ஒருநாள் பேப்பர்காரன் கேட்டில் கூப்பிட்டான் என்று பெரியவர் தானே பட்டனை அழுத்தி எழுந்து நின்று, நாலடி நடந்து விழுந்தார். தோள்பட்டை எலும்பு விட்டுப்போனது. மகன் அங்கே துடித்துப்போனார். பரீதுக்குப் போன் வந்தது. அப்பா கையில் பட்டன் இருக்கவே கூடாது, எந்த நேரத்துக்குச் சாய வேண்டும், எந்த நேரத்துக்கு எழ வேண்டும் என்பதை நான் இங்கிருந்து பார்த்துக்கொள்கிறேன் என்றார். அவர் பயத்தில் தப்பே இல்லை. நான் அந்த இடத்தில் இருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பேன்.

மோட்டாரைச் சோதிக்க வேண்டும் என்று பரீத் என்னையும் கூட்டிப்போனார். இரண்டு மணி நேர வேலை. ரிலே இரண்டையும் ஒரு சின்ன இரும்புப் பெட்டிக்குள் வைத்து, நாற்காலிக்கு அடியில் மாட்டி, வழக்கம்போலப் பூட்டுப் போட்டார். பெட்டிக்குள் கையால் அழுத்துகிற பட்டன் ஒன்று உண்டு. வேலைக்காரம்மா கூட்டும்போது துடைப்பம் பட்டு அது அழுந்திவிடக் கூடாது என்பது அவர் கணக்கு. சாவி வழக்கப்படி முதலாளிக்குப் போக வேண்டும். முதலாளி டல்லாஸில் இருந்ததால் இரண்டு சாவியும் கடைக்கே வந்தது. கைப்பட்டனைச் சுருட்டிப் பையில் போட்டுக்கொண்டார். பெரியவர் கட்டிலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டேயிருந்தார். அவரிடம் நாங்கள் யாரும் எதுவும் கேட்கவில்லை. முடித்ததும் பரீத் தரையில் படுத்துப் பார்த்தார். ஒரு ஒயர் தெரியவில்லை. பெரியவர் எங்கள் இரண்டு பேருக்கும் காபி கொடுக்கச் சொன்னார். வேலை ரொம்பச் சுத்தம் என்று அவரும் சொன்னார்.

அன்றிலிருந்து நாற்காலிக்கு ஒரு நேர அட்டவணை. காலையில் மட்டும் வருகிற நர்ஸ் பெண் ஏழு மணிக்கு வரும்போது எழுப்பும். பத்தரைக்குத் தலை சாய்ந்து கால் உயரும். பன்னிரண்டரைக்குச் சாப்பிட நிமிரும். இரண்டுக்குச் சாயும், நாலுக்கு நிமிரும். நடுவில் மாற்ற வேண்டுமானால் மகனைக் கூப்பிட வேண்டும். நமக்கு மத்தியானம் அவருக்கு நடுராத்திரி. பெரியவரின் மனைவி ராமாமணி அம்மாவின் போனிலும் நாற்காலியை ஓட்டுகிற ஆப்பைப் போட்டுக் கொடுத்திருந்தார்கள். அந்த அம்மா ஒரே ஒரு தடவை தொட்டதில் சாய வேண்டிய நாற்காலி நிற்க வைக்கப் பார்த்தது. அதோடு பயந்து அதை எடுத்துவிடச் சொல்லிவிட்டார். ஆக, வலது கை நன்றாக இருக்கிற ஒரு மனிதர், தான் எப்போது நிமிர்வது என்பதை அமெரிக்காவைக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியதாயிற்று. தூங்குகிற மகனை எழுப்ப அவருக்கு மனசு வராது. அதனால் கேட்பதை விட்டுவிட்டார்.

இதெல்லாம் எங்களுக்கு அப்போது தெரியாது. தெரிந்துகொள்ள வழி இருந்தது. மாதம் ஒருமுறையாவது பெரியவர் பரீதுக்குப் போன் செய்வார். சௌக்கியமா என்பார், குழந்தைகள் படிப்பை விசாரிப்பார், மழை உண்டா என்பார். கடைசியில், இந்தப் பக்கம் வந்தால் ஒரு எட்டு வந்துவிட்டுப் போங்கள், அவசரமில்லை என்பார். வருகிறேன் என்று பரீதும் சொல்வார். மரியாதைக்குக் கூப்பிடுகிறார் என்று இவர் நினைத்துக்கொண்டார். நம் ஊர்ப் பேச்சில் இது ஒரு வியாதி. வாய்க்கு வாய் 'ங்க' போடத் தெரிகிறது, வேண்டியதைக் கேட்க மட்டும் நாக்கு எழாது. எதிராளி தானாகப் புரிந்துகொள்ள வேண்டும் என்று காத்திருப்போம்.

ஒரே ஒரு தடவை போனோம். மேட்டுப்பாளையத்தில் வேறு வேலையை முடித்துத் திரும்பும் வழியில் எட்டிப் பார்த்தோம். பெரியவர் சாய்ந்திருந்தார். முகம் மலர்ந்துவிட்டது. ராமாமணி அம்மா முறுக்கும் காபியும் வைத்தார். நாற்காலி எப்படி இருக்கிறது என்று பரீத் கேட்டார். ரொம்ப சௌகரியம் என்றார் பெரியவர். கொஞ்ச நேரம் ஃபவுண்டரியைப் பற்றிப் பேசினார். பிறகு, வேறெங்கோ பார்த்துக்கொண்டு கேட்டார்.

"அந்தப் பட்டனு ஒயரோட எடுத்துட்டுப் போனீங்களே, அது உங்ககிட்டச் சும்மாத்தானே கெடக்குமுங்க?"

"இல்லீங்கய்யா, வீணாப் போகலீங்க. கணபதியிலேயே ஒரு அம்மாவோட சேருக்குப் போட்டுக் குடுத்துட்டேனுங்க."

"நல்லதாப் போச்சுங்க" என்றார் பெரியவர்.

பொருள் வீணாகிறதே என்று பழைய ஃபவுண்டரிக்காரர் கவலைப்படுகிறார் என்று பரீத் எடுத்துக்கொண்டார். வண்டியில் வரும்போது அதைச் சொல்லி மெச்சவும் செய்தார். நானும் ஆமாம் போட்டேன். என் கையில் முறுக்கு இருந்தது, புத்தி வேறெங்கோ இருந்தது. அந்த வார்த்தையை இன்றைக்கு நினைத்தால் எனக்கு என்மேலேயே ஆத்திரம் வருகிறது.

போன வருடம் ஐப்பசியில் மேட்டுப்பாளையம் ரோட்டில் குழி தோண்டினவர்கள் கேபிளை அறுத்துவிட்டார்கள். அந்த வட்டாரத்தில் பல வீடுகளில் இன்டர்நெட் போனது. அன்றைக்கு எங்கள் இருவருக்கும் வேலையே இல்லை. கடை வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, வந்த டீயைக் குடித்து, போகிற வருகிறவர்களைப் பேசிக்கொண்டிருந்தோம். மூன்றரை மணிக்கு ராமாமணி அம்மாவின் போன் வந்தது. பத்தரைக்குச் சாய்ந்த நாற்காலி அப்புறம் நிமிரவே இல்லை. பன்னிரண்டரையிலிருந்தே கூப்பிட வேண்டும் என்றிருந்தாராம். அவர் வேலையாக இருப்பார், தொந்தரவு செய்யாதே, இப்போது வந்துவிடும் என்று பெரியவர் தடுத்திருக்கிறார். பக்கத்து வீட்டாரைக் கூப்பிடவும் விடவில்லை.

பரீத் சாவியை எடுத்துக்கொண்டு ஓடினார். அவர் வண்டியை அப்படி ஓட்டி நான் பார்த்ததில்லை. போய்ச் சேரும்போது மணி நாலே கால். பெரியவர் தலை கீழும் கால் மேலுமாகக் கிடந்தார். கையை ஊன்றி எழப் பார்த்துப் பார்த்து வலது முழங்கை சிவந்திருந்தது. சோறு பக்கத்து ஸ்டூலில் ஆறிக்கிடந்தது. படுத்த வாக்கில் விழுங்க முடியவில்லை. வேட்டி நனைந்திருந்தது. நாங்கள் அதைப் பார்க்காத மாதிரி முகத்தைத் திருப்பிக்கொண்டோம், பார்த்துவிட்டோம் என்று அவருக்கும் தெரிந்தது.

பரீத் தரையில் படுத்துப் பூட்டைத் திறந்து உள்ளிருந்த பட்டனை அழுத்தினார். பத்துப் பன்னிரண்டு விநாடியில் நாற்காலி நிமிர்ந்துவிட்டது. ஒரு விரலால் முடிகிற காரியம். பெரியவர் மூச்சு வாங்கி, துண்டை மடியில் இழுத்துப் போட்டுக்கொண்டு, பரீதைப் பார்த்தார்.

"உங்களுக்குச் சிரமம் குடுத்துப்போட்டேனுங்க."

 நானும் பரீதும் பெரியவரைத் தாங்கி உள்ளே கூட்டிப்போய்த் துணி மாற்றினோம். திரும்பி வந்து பரீத் மறுபடி தரையில் உட்கார்ந்து அந்தப் பூட்டைக் கையில் வைத்துக்கொண்டு பார்த்துக்கொண்டேயிருந்தார். கிளம்பும்போது பெட்டியைத் திறந்தே விட்டுவிட்டு, ராமாமணி அம்மாவைக் குனியச் சொல்லி உள்ளேயிருந்த பட்டனைக் காட்டிக் கொடுத்தார். 

அன்றைக்குச் சாயங்காலம் வீட்டில் தன் மனைவி மெஹராஜிடம் நடந்ததைச் சொன்னாராம். ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அடுத்த நாளே போய் நின்றிருப்பேனே, அவர் ஏன் சொல்லவில்லை என்று புலம்பியிருக்கிறார். அந்தம்மா அடுப்பை அணைத்துவிட்டு வந்து சொன்னதை மறுநாள் காலை கடை திறக்கும்போது பரீத் என்னிடம் அப்படியே சொன்னார்.

"மாசாமாசம் போன் பண்ணி வரச் சொன்னாரு. பட்டன் இருக்குதான்னும் கேட்டுட்டாரு. இன்னும் எப்புடீங்க சொல்லுவாரு?"

சொல்லிவிட்டுப் பரீத் ஷட்டரைப் பாதி தூக்கின கையோடு நின்றார். கண் கலங்கியிருந்தது. நான் ஏதாவது ஆறுதல் சொல்லியிருக்க வேண்டும். அந்தக் கேள்வி எனக்கும் சேர்த்துத்தான் என்று தோன்றியதால், ஷட்டரின் மீதிப் பாதியை நான் தூக்கிவிட்டேன்.

அன்றைக்கே சசிதரைக் கூப்பிட்டார். மறுபடி விழுந்துவிடுவார் என்று மகன் ஒத்துக்கொள்ளவில்லை. பரீத் வாடிக்கையாளரிடம் மறுத்துப் பேசி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. கைப்பட்டன் உட்காரும் நிலை வரைக்கும்தான் வேலை செய்யும், அதற்குமேல் தூக்கி நிறுத்தாதபடி தண்டில் ஒரு தடுப்பு சுவிட்ச் வைத்துவிடுகிறேன், நிற்க வைப்பது மட்டும் நர்ஸ் இருக்கும்போது அட்டவணைப்படி நடக்கட்டும் என்றார்.  மகன் சரி என்றார். அப்பா என்னிடம் ஒரு தடவைகூடச் சொல்லவில்லையே என்று அழுதார். பரீத் அவருக்குச் சமாதானம் சொன்னார்.

இதில் எங்களை வதைப்பது ஒன்று உண்டு. அந்தத் தடுப்பு சுவிட்ச் புதுக் கண்டுபிடிப்பு இல்லை. நான் ரிப்பேர் பார்க்கிற, பாரம் தூக்குகிற ஹாயிஸ்ட் மோட்டார்களில் எல்லாம் இருப்பது. முதல் நாளே என் பையில் இரண்டு கிடந்தது. மாட்ட அரை மணி நேரம் போதும். பட்டனை எடுக்கச் சொன்னார்கள், எடுத்தோம். எடுக்காமல் எப்படிச் செய்வது என்று யோசிக்க எங்களுக்குத் தோன்றவில்லை. யோசிக்கத் தெரியாதவர்கள் என்றால்கூட மன்னிக்கலாம்.

இரண்டு நாள் கழித்துப் போய் மாட்டினோம். பரீத் புதுக் கைப்பட்டன் வாங்கி வந்திருந்தார். அதன் ஒயரை மறைக்கவில்லை. பெரியவரின் வலது கைக்குப் பக்கத்திலேயே தெரிகிற மாதிரி தொங்கவிட்டார். பூட்டைக் கழற்றி எடுத்துக்கொண்டார். தான் ஐந்தாறு தடவை சாய்த்து நிமிர்த்திப் பார்த்தார், என்னை உட்கார வைத்துப் பார்த்தார். பிறகு பெரியவரை உட்கார வைத்து நாற்காலியைப் பாதி சாய்த்துவிட்டு, பட்டனை அவர் உள்ளங்கையில் வைத்தார். இனி எப்போது வேண்டுமானாலும் நீங்களே அழுத்திக்கொள்ளலாம், யாரையும் கேட்க வேண்டியதில்லை என்றார்.

பெரியவர் பட்டனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கட்டைவிரலை மேலே வைத்தார். அழுத்தவில்லை. ராமாமணி அம்மாவைப் பார்த்துத் தெலுங்கில் மெதுவாக ஏதோ கேட்டார். மகனிடம் சொல்லியாயிற்றா என்று கேட்கிறார் என்று அந்த அம்மா எங்களுக்குச் சொன்னார். சொல்லியாயிற்று என்று அவரைப் பார்த்துத் தலையாட்டினார். பெரியவர் அப்புறமும் அழுத்தவில்லை. நாற்பது பேரை வைத்து இரும்பு உருக்கின மனிதர், காலடியில் மண்டியிட்டிருந்த ஒயர்மேனைப் பார்த்துக் கேட்டார்.

"அழுத்தலாமுங்களா?"

 பரீத் தலையைத் தாழ்த்திக்கொண்டார். நான்தான் அழுத்துங்கள் என்றேன். நாற்காலி மெல்ல நிமிர்ந்தது. பெரியவர் எங்கள் இருவருக்கும் நன்றி சொன்னார்.

இப்போது மாதம் ஒருமுறை பரீதே அங்கே போகிறார், யாரும் கூப்பிடாமல். பெரியவர் தினமும் பட்டனைப் பயன்படுத்துகிறார் என்று ராமாமணி அம்மா சொல்கிறார். வேண்டும்போது சாய்கிறாராம், வேண்டும்போது நிமிர்கிறாராம். ஒவ்வொரு தடவையும் அழுத்துவதற்கு முன்னால், அறையில் ஆள் இல்லாவிட்டாலும், அழுத்தலாமா என்று ஒரு வார்த்தை கேட்டுவிட்டுத்தான் அழுத்துகிறாராம்.